எல்லைக் காட்டின் பழைய வரைபடங்கள்: வாசகர் கேள்வி – பதில்

இந்திய – பர்மா எல்லைக் காடுகளின் பழைய நிலத்தோற்ற வரைபடங்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் சேர்த்துப் பதில் சொல்கிறோம். கேட்டவர்களில் சிலர் பர்மாவிலிருந்து நடந்து வந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள். அதனால் எடுத்துக்காட்டுகளை முடிந்தவரை தமு (பர்மா) – மோரே – இம்பால் (மணிப்பூர்) வழியிலேயே தந்திருக்கிறோம்.

கேள்வி: 1942-இல் எங்கள் தாத்தா தமுவிலிருந்து பலேல் வழியாக இம்பாலுக்கு நடந்து வந்தார். அந்த வழி முழுவதையும் ஒரு அங்குல வரைபடங்களில் பார்க்க ஆசை. எந்த எண்களைத் தேட வேண்டும்?

பதில்: ஆறு தாள்கள் வேண்டும்: 83 எச்/13, 83 எச்/14, 83 எல்/2, 83 எல்/3, 83 எல்/7, 83 எல்/8. இந்த எண்கள் எப்படி வந்தன என்று தெரிந்துகொண்டால் அடுத்த முறை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

சர்வே ஆஃப் இந்தியா இந்தியாவையும் அண்டை நாடுகளையும் 4 டிகிரிக்கு 4 டிகிரி கட்டங்களாகப் பிரித்து எண் கொடுத்தது. 83-ஆம் கட்டம் வடக்கு அட்சரேகை 24 முதல் 28 வரை, கிழக்குத் தீர்க்கரேகை 92 முதல் 96 வரை. அதை 16 துண்டாக்கினால் ஒவ்வொன்றும் ஒரு டிகிரிச் சதுரம். அவற்றுக்கு ஆங்கிலத்தின் முதல் 16 எழுத்துகள். இதுதான் கால் அங்குல வரைபடம், அதாவது அங்குலத்துக்கு 4 மைல். ஒரு டிகிரிச் சதுரத்தை மறுபடி 16 ஆக்கினால் 15 நிமிடத் தாள், அங்குலத்துக்கு 1 மைல், அளவை 1:63,360.

பலர் தவறுவது எண்ணும் திசையில். இந்த எழுத்துகளும் எண்களும் நாம் படிப்பதுபோல இடமிருந்து வலமாகப் போவதில்லை. வடமேற்கு மூலையில் தொடங்கி நேராகக் கீழே இறங்கி, நான்கு முடிந்ததும் அடுத்த பத்தியின் உச்சிக்கு ஏறும். தமு இருப்பது ஏறக்குறைய 24 டிகிரி 13 நிமிடம் வடக்கு, 94 டிகிரி 18 நிமிடம் கிழக்கு. 94–95 என்பது மூன்றாம் பத்தி. அதன் கடைசி வரிசை ‘எல்’. அதற்குள் இரண்டாம் பத்தி, கடைசி வரிசை என்றால் 8. கிடைவாக்கில் எண்ணுகிறவர் இதே இடத்துக்கு 14 என்று போடுவார். அந்தத் தாளில் இருப்பது 50 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள வேறு மலை.

மோரே 24 டிகிரி 15 நிமிடக் கோட்டை ஒட்டியே இருக்கிறது. தாள் அங்கேதான் முடிகிறது என்பதால் 7, 8 இரண்டும் கையில் இருக்க வேண்டும். வழியில் உள்ள தௌபால் ஊரும் அப்படித்தான், 94 டிகிரிக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. எச்/14-ஓடு எல்/2-ஐயும் சேர்த்தது அதற்காக.

கேள்வி: இணையத்தில் அதே இடத்துக்கு ‘என்ஜி 46-15’ என்று ஒரு வரைபடம் கிடைத்தது. இதுவும் அதுவும் ஒன்றா?

பதில்: நிலம் ஒன்று, வரைபடம் வேறு. அது அமெரிக்க ராணுவ வரைபடத் துறையின் யூ502 வரிசை, அளவை 1:250,000. உலக வரைபட எண்முறையில் ‘என்ஜி 46’ என்பது 24–28 வடக்கு, 90–96 கிழக்கு. அதைப் பதினாறாகப் பிரித்து, ஒவ்வொரு தாளுக்கும் ஒரு டிகிரி உயரமும் ஒன்றரை டிகிரி அகலமும் கொடுத்திருக்கிறார்கள். இங்கே எண் இடமிருந்து வலமாகவே ஓடும். இரண்டு முறைகளையும் கலந்து குழம்புகிறவர்கள் நிறைய. டெக்சஸ் பல்கலைக்கழக நூலகம் இந்த வரிசையை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. பாதை மொத்தமும் மலைத்தொடரோடு எப்படிப் பின்னிக்கிடக்கிறது என்று ஒரே பார்வையில் காண இதுதான் வசதி. ஒரு வளைவு, ஓர் ஓடை, ஒரு குடியிருப்பு என்று நுணுக்கம் தேடினால் ஒரு அங்குலத் தாளுக்குத்தான் போக வேண்டும்.

கேள்வி: என்னிடம் உள்ள தாளில் சம உயரக் கோடுகள் சில இடங்களில் முழுக்கோடாகவும், சில இடங்களில் விட்டுவிட்டும் போகின்றன. ஓரிடத்தில் வெறும் வெள்ளை. அச்சுப் பிழையா?

பதில்: பிழை இல்லை. அந்தத் தாளிலேயே நேர்மையான பகுதி அதுதான். முழுக்கோடு என்றால் உயரம் அளந்து போட்டது. விட்டுவிட்டுப் போகும் கோடு உருவக்கோடு. மலையின் வடிவத்தைக் கண்ணால் பார்த்து வரைந்தது, உயரத்துக்கு அதை நம்பக் கூடாது. வெள்ளை என்றால் யாரும் போகவில்லை, அல்லது போனவருக்குத் தெரியவில்லை.

நில அளவை எப்படி நடந்தது என்று தெரிந்தால் இது புரியும். முக்கோண அளவையில் இடமும் உயரமும் கணக்கிட்ட சிகரங்கள் முதலில் தாளில் ஏறும். சர்வேயர் முக்காலி மேல் வரைபலகையை வைத்து, அந்தச் சிகரங்களில் குறைந்தது மூன்றைப் பார்த்து, தான் நிற்கும் இடத்தைப் பின்வெட்டு முறையில் குறிப்பார். சுற்றியுள்ள மலைகளின் உயரத்தைக் கிளினோமீட்டரால் (சாய்வுக் கோணம் அளக்கும் கருவி) எடுப்பார். மூன்று சிகரம் கண்ணில் பட்டால்தான் வேலையே தொடங்கும். மழைக்காட்டில் அது லேசில் நடக்காது. நிற்கும் குன்றின் உச்சியில் மரங்களை வெட்டிச் சாய்த்தால்தான் பார்வை திறக்கும். வேலைக்காலம் மழை ஓய்ந்த நவம்பர் தொடங்கிக் கோடை வரை. அதிலும் குளிர்காலக் காலைகளில் பள்ளத்தாக்கை மூடுபனி நிறைத்துவிடும். மார்ச் வந்தால் ஜூம் சாகுபடிக்கு, அதாவது காட்டை வெட்டி எரித்துப் பயிரிடுவதற்கு, மூட்டும் புகை.

இதன் விளைவைத் தாளில் நேராகவே காணலாம். முகடுகள் துல்லியமாக இருக்கும், ஏனென்றால் சர்வேயர் முகட்டு வழியேதான் நடந்தார். அவர் இறங்கிப் பார்க்காத கிளை ஓடைகள் இரு முகடுகளுக்கு நடுவே ஒழுங்காக, ஒரே மாதிரி வளைந்து போகும். எந்த ஓடையும் இயற்கையில் அவ்வளவு சீராக ஓடாது. அப்படிச் சீராகத் தெரியும் ஓடை ஊகத்தில் வரைந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே தாளின் நடுப்பகுதியைப் பார்க்கும் முன் ஓரத்தைப் படியுங்கள். கீழ் ஓரத்தில் எந்தப் பகுதி எந்த ஆண்டு அளக்கப்பட்டது என்று காட்டும் சிறு கட்டப்படம் பெரும்பாலும் இருக்கும். ஒரே தாளின் ஒரு மூலைக்கும் எதிர் மூலைக்கும் இடையே பல ஆண்டு இடைவெளி இருக்கலாம். மேலே பெரிதாக அச்சிட்டிருக்கும் ஆண்டு பதிப்பு ஆண்டு மட்டுமே. ‘1942 பதிப்பு’ என்றதும் 1942-இன் ஊர்களெல்லாம் அதில் இருக்கும் என்று நம்பி ஏமாறுகிறவர்கள் அதிகம்.

போர்க்காலத்தில் விமானப் படங்களை வைத்துத் திருத்திய தாள்களுக்கு வேறொரு குணம் உண்டு. ஆறும் பாதையும் வளைவுக்கு வளைவு சரியாக இருக்கும், பெயர்களோ குறைவாக இருக்கும். பெயர் சொல்ல ஆள் வேண்டும். வானிலிருந்து பெயரை எடுக்க முடியாது. அடர்காட்டில் விமானப் படத்துக்குத் தெரிவது மரத்தின் தலை என்பதால், சிறு பள்ளங்கள் மறைந்துபோவதும் உண்டு.

கேள்வி: பழைய தாளில் உள்ள ஊரைச் செயற்கைக்கோள் படத்தில் தேடினால் வெறும் காடு. ஊர் அழிந்துவிட்டதா?

பதில்: இடம் மாறியிருக்கலாம், பெயர் மாறியிருக்கலாம், இரண்டும் சேர்ந்தே நடந்திருக்கலாம். இந்த மலைகளில் ஜூம் சாகுபடி செய்தவர்கள் நிலம் ஓய்ந்ததும் குடியிருப்பையும் நகர்த்திக்கொண்டு போனார்கள். குக்கி இன மக்களின் ஊர்கள் பலவற்றுக்குத் தலைவர் பெயரே ஊர்ப்பெயர். தலைவர் மாறினால் பெயரும் மாறும். எனவே ஊரைக் கொண்டு இடத்தைத் தேடாதீர்கள். ஓடைக் கூடலையும் முகட்டையும் முதலில் பிடித்துக்கொண்டு, அங்கிருந்து இரண்டு மூன்று மைல் சுற்றளவில் ஊரைத் தேடுங்கள். இன்று காடாகத் தெரியும் இடத்தில் மற்றக் காட்டைவிட இளம்பச்சையான ஒரு திட்டு தெரிந்தால், அங்கே வெட்டி விளைவித்திருக்க வாய்ப்பு உண்டு.

பெயரின் ஒட்டு அது யார் வாயிலிருந்து வந்தது என்று காட்டிக்கொடுக்கும். ‘சௌங்’ என்று முடிந்தால் பர்மிய மொழியில் ஓடை, ‘டௌங்’ மலை, ‘யுவா’ ஊர். ‘யுவாதிட்’ புது ஊர், ‘யுவாஹௌங்’ பழைய ஊர். மணிப்புரியில் ‘சிங்’ மலை, ‘துரேல்’ ஆறு, ‘லோக்’ ஓடை, ‘பாட்’ ஏரி, ‘குல்’ ஊர். மிசோ மொழியில் ‘த்லாங்’ மலை, ‘லுய்’ ஆறு, ‘குவா’ ஊர். வடக்கே கச்சின் பக்கம் ‘கா’ ஆறு, ‘பும்’ மலை. ஒரே ஓடைக்கு எல்லையின் இரு பக்கமும் இரு பெயர் இருப்பது இங்கே வழக்கம். பர்மாவின் சிண்ட்வின் (Chindwin) ஆற்றையே மணிப்புரிக்காரர்கள் நிங்தி என்றார்கள். மணிப்பூர் – பர்மா எல்லை பற்றிய 1834 ஒப்பந்தத்திலும் இரு பெயரும் சேர்ந்தே வருகின்றன. இரு பெயரையும் ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு தேடுங்கள், பாதி ஊர்கள் அகப்பட்டுவிடும்.

கேள்வி: பலேலிலிருந்து தமுவுக்குத் தாளில் அளந்தால் 37 கிலோமீட்டர்தான் வருகிறது. அதற்கு ஏன் அத்தனை நாள் நடந்தார்கள்?

பதில்: நீங்கள் அளந்தது காக்கை பறக்கும் தூரம். இன்றைய சாலையிலேயே 60 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். பாதை அளக்க ஒரு பருத்தி நூலை நனைத்துப் பிழிந்து, வளைவுக்கு வளைவு பாதை மேலேயே படுக்க வைத்து, பிறகு நிமிர்த்தி அளவுகோலில் பாருங்கள். ஒரு அங்குலத் தாளில் 1 மி.மீ. என்பது தரையில் 63 மீட்டர். நூல் அளவும் குறைவாகவே வரும், ஏனென்றால் கொண்டை ஊசி வளைவுகளைத் தாள் முழுமையாகக் காட்டாது. மலைப்பாதைக்கு ஐந்தில் ஒரு பங்காவது கூட்டிக்கொள்வது நல்லது.

ஏற்றத்தையும் கணக்கில் எடுங்கள். கோடுகளின் இடைவெளி 50 அடியா 100 அடியா என்று ஓரத்தில் எழுதியிருக்கும். 100 அடி இடைவெளியுள்ள தாளில் 5 மி.மீ.க்குள் 500 அடி ஏறினால், தரையில் 317 மீட்டர் தூரத்தில் 152 மீட்டர் ஏற்றம். கிட்டத்தட்ட 26 டிகிரிச் சரிவு. குழந்தையைத் தூக்கிக்கொண்டு, மூட்டையோடு, சேற்றில் அப்படி ஏறினார்கள்.

சிறு எண்ணுக்குப் பின்னால் சின்ன ‘ஆர்’ எழுத்து இருந்தால் அது கடல்மட்டத்திலிருந்து கணக்கிட்ட உயரம் இல்லை. பக்கத்துத் தரையிலிருந்து கரையோ பள்ளமோ எத்தனை அடி என்பதைச் சொல்கிறது.

கேள்வி: தாளை ஸ்கேன் செய்து கியூஜிஐஎஸ் மென்பொருளில் இன்றைய படத்தின் மேல் பொருத்தினேன். எல்லாம் கிழக்கே தள்ளி நிற்கிறது. எங்கே தவறு?

பதில்: எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று முதலில் அளந்து பாருங்கள். காரணம் அதிலேயே தெரிந்துவிடும்.

சுமார் 340 மீட்டர் கிழக்கும் 80 மீட்டர் தெற்கும் என்றால், தாளின் டிகிரிகளை நேரடியாக டபிள்யூஜிஎஸ் 84 (இன்றைய ஜிபிஎஸ் பயன்படுத்தும் ஆள்கூற்று அமைப்பு) என்று கொடுத்துவிட்டீர்கள். பழைய தாள்கள் எவரெஸ்ட் 1830 நீள்கோளத்தில் (பூமியின் வடிவத்துக்கு அன்று கொண்ட கணித மாதிரி) கணக்கிட்டவை. அதன் நிலநடுக்கோட்டு ஆரம் 6,377,276.345 மீட்டர், இன்றைய கணக்கைவிட 860 மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் குறைவு. பொருத்தும்போது இபிஎஸ்ஜி 4144, அதாவது கல்யாண்பூர் 1937 என்ற அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். மென்பொருள் மாற்று மதிப்பு கேட்டால் 282, 726, 254 மீட்டர் என்று கொடுக்கலாம். இவை வங்கதேசத்துக்காகக் கணக்கிட்டவை, இந்தப் பகுதிக்குப் பக்கத்தில் உள்ளவை. இதற்குப் பிறகும் சில பத்து மீட்டர் மிச்சம் இருக்கும். அதை ஓடைக் கூடல்களில் சரிபார்த்து மொத்தப் படத்தையும் நகர்த்திக்கொள்ளலாம்.

பிழை 4 கிலோமீட்டர் அளவில் இருந்தால் கதை வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தாள்கள் தீர்க்கரேகைக்குச் சென்னை வானாய்வகத்தின் பழைய மதிப்பை அடிப்படையாகக் கொண்டவை. அந்த மதிப்பு கூடுதல் என்று தெரிந்தபின் 2 நிமிடம் 27 விநாடியைக் கழிக்கும் திருத்தம் 1905-இல் ஏற்கப்பட்டது. தமுவின் அட்சரேகையில் அது 4.1 கிலோமீட்டர், ஒரு அங்குலத் தாளில் ஆறரை சென்டிமீட்டர். 1905-க்கு முந்தைய தாள் கையில் இருந்தால், இந்தத் திருத்தத்தைச் சொல்லும் குறிப்பு ஓரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பொருத்தும் முறை: 400 டிபிஐ-யில் ஸ்கேன் செய்யுங்கள், ஒரு பிக்சலுக்கு 4 மீட்டர் வரும். நான்கு மூலைகள் மட்டும் போதாது. 15 நிமிடத் தாளை 5 நிமிட இடைவெளியில் எடுத்தால் அட்ச, தீர்க்கக் கோடுகள் வெட்டும் 16 சந்திப்புகள் கிடைக்கும், எல்லாவற்றையும் குறியுங்கள். பழைய காகிதம் எல்லாத் திசையிலும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை, 16 சந்திப்பும் இருந்தால்தான் அது வெளிப்படும். முதல்படிப் பல்லுறுப்பு மாற்றத்தில் (மென்பொருளில் Polynomial 1) தொடங்குங்கள். பிழை மதிப்பு 5 பிக்சலுக்கு மேல் போனால் இரண்டாம் படிக்குப் போகலாம். ஒரே ஒரு சந்திப்பில் மட்டும் பிழை எகிறினால் காகிதத்தைக் குறை சொல்லாதீர்கள், எண்ணைத் தவறாகத் தட்டியிருப்பீர்கள்.

1940-களின் ராணுவப் பதிப்புகளில் ஊதாக் கட்டங்கள் இருக்கும். அவை கிலோமீட்டர் கட்டங்கள் இல்லை, 1,000 கெஜம், அதாவது 914 மீட்டர். தாளில் ஒரு கட்டம் 14.4 மி.மீ. இருக்கும். இந்தப் பகுதிக்கு உரிய கட்ட அமைப்பு இந்தியா மண்டலம் இரண்டு-பி: லாம்பர்ட் வீச்சு (projection), மூலம் 26 வடக்கு, 90 கிழக்கு. அதை மென்பொருளில் சரியாக அமைக்காமல் ஊதாக் கட்டத்தின் மூலையைச் சந்திப்பாக எடுக்கவே கூடாது.

சரிபார்க்கச் சாலைச் சந்திப்பை நம்பாதீர்கள், சாலை மாறும். தமு இருக்கும் கபாவ் சமவெளியில் யூ ஆற்றின் வளைவையும் நம்பாதீர்கள், அது தடம் மாற்றிக்கொண்டே இருக்கும். மலைக்குள் பாறைப் பள்ளத்தில் இரண்டு ஓடைகள் கூடும் இடமே உறுதியானது.

கேள்வி: இந்தத் தாளில் உள்ள எல்லைக்கோட்டை வைத்து ஓர் ஊர் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று சொல்லலாமா?

பதில்: கூடாது. தாளில் உள்ள கோடு அந்தப் பதிப்பின் காலத்து நிர்வாகப் புரிதல் மட்டுமே. 1834 ஜனவரி 9 ஒப்பந்தப்படி கபாவ் பள்ளத்தாக்கு பர்மாவுக்குப் போனது. அதற்கு ஈடாக மணிப்பூருக்கு மாதம் 500 சிக்கா ரூபாய் என்று ஏற்பாடு. அன்று வகுத்த பெம்பர்ட்டன் கோடு 1881-இல் மறுபடி தீர்மானிக்கப்பட்டு, 1896-இல் தரையில் குறிக்கப்பட்டது. 1937 வரை பர்மா இந்தியாவின் ஒரு மாகாணம் என்பதால், அதற்கு முந்தைய தாள்களில் இது மாகாண எல்லைக் குறியோடு வரும். இரு நாடுகளுக்கும் இடையே எல்லை ஒப்பந்தம் 1967 மார்ச் 10-ஆம் தேதிதான் கையெழுத்தானது. ஆகவே குறிவிளக்கத்தில் எந்தக் குறி எந்த எல்லைக்கு என்று பார்க்காமல், கோட்டின் தடிமனை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள்.

கேள்வி: குடும்ப வரலாற்று நூலில் இந்தத் தாளை அச்சிடலாமா?

பதில்: பழைய தாளை அதன் ஆண்டோடு, பழைய ஆவணம் என்று தெளிவாகக் குறிப்பிட்டுப் போடுங்கள். நீங்களாக இந்திய எல்லையை வரைந்து சேர்த்தால் அது சர்வே ஆஃப் இந்தியா வெளியிட்ட எல்லையோடு ஒத்திருக்க வேண்டும். மாறினால் 1961-ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டத் திருத்தச் சட்டப்படி ஆறு மாதம் வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. 2021 பிப்ரவரியில் வந்த வழிகாட்டு நெறிகள் புவியிடத் தரவுகளுக்கு இருந்த பல கட்டுப்பாடுகளைத் தளர்த்தின, எல்லை விஷயத்தை மட்டும் தளர்த்தவில்லை. அச்சுக்குப் போகும் முன் அந்த ஒரு பக்கத்தை அறிந்தவரிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி: துணியில் ஒட்டிய ஒரு பழைய தாள் வீட்டில் இருக்கிறது. லேமினேட் செய்தால் காப்பாற்றலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். சூடும் பசையும் காகிதத்துக்குள் போய்விட்டால் திரும்ப எடுக்க வழியில்லை. செல்லோடேப்பும் ஒட்டாதீர்கள், சில ஆண்டுகளில் பசை பழுப்பாகக் கசிந்து சம உயரக் கோடுகளையே தின்றுவிடும்.

துணித் தாள்கள் பையில் மடித்து எடுத்துச் செல்வதற்காகச் செய்தவை. வரைபடத்தைச் சிறு செவ்வகங்களாக வெட்டி, மடிப்புக்கு 2–3 மி.மீ. இடம் விட்டுத் துணியில் ஒட்டியிருப்பார்கள். அதனால் மேலே சொன்ன பொருத்தும் முறை இதற்கு அப்படியே செல்லாது. ஒரு 2.5 மி.மீ. இடைவெளி தரையில் 158 மீட்டர். அப்படி நான்கு இடைவெளிகளைத் தாண்டினால் அரைக் கிலோமீட்டருக்கு மேல் பிழை சேரும். ஒவ்வொரு செவ்வகத்தையும் தனிப் படமாக வெட்டி, தனித்தனியே பொருத்தி, கடைசியில் ஒட்டுங்கள்.

உருளை வழியே இழுக்கும் ஸ்கேனரில் துணித் தாளைக் கொடுக்காதீர்கள். மடிப்பு விளிம்பு சிக்கினால் கிழிந்துவிடும். வரைபடப் பரப்பு மட்டுமே ஏறக்குறைய 44-க்கு 40 சென்டிமீட்டர் இருப்பதால் ஏ3 ஸ்கேனரிலும் அடங்காது. மேசையில் விரித்து, மென்மையான உலர்ந்த தூரிகையால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தூசி தட்டி, ஒளி பிரதிபலிக்காத கண்ணாடியை மேலே வைத்து, கேமராவைத் தாளுக்கு இணையாக நிறுத்திப் படமெடுங்கள். நான்கு படங்களாக எடுப்பதானால் ஒவ்வொன்றும் அடுத்ததோடு கால் பங்காவது மேல்படியட்டும். பிறகு மடிக்காமல், அமிலமற்ற காகித உறையில் படுக்க வைத்து, 45–55 சதவீத ஈரப்பதமுள்ள அறையில் வைக்கலாம். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம், மழைக்காலத்தில் அங்கேதான் முதலில் பூஞ்சை பிடிக்கும்.

பின்பக்கத்தையும் மறக்காமல் படமெடுங்கள். பென்சிலில் யாரோ எழுதிய ஒரு தேதி, முகாமின் பெயர், தூரக் கணக்கு எல்லாம் பெரும்பாலும் அந்தத் துணியில்தான் இருக்கும். அந்தப் பக்கத்தை அழிரப்பர் தொடவே கூடாது.